மறைஞானக் குழுக்களும் பாசிசச் சார்பும்: அடையாறு தரும் விளக்கம்

மறைஞானம் போற்றும் சமயக் குழுக்கள் அரசியலில் பாசிசத்தின்பால் சாய்வுடையனவா என்னும் வினா, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மேலைநாட்டு வரலாற்றறிஞரிடையே தொடர்ந்து ஆராயப்பட்டு வந்துள்ளது. தமிழில் இவ்வினா மிகுதியாக எழுப்பப்பட்டதில்லை. எனினும் இது நமக்குத் தொலைவான பொருளன்று. இவ்வாராய்ச்சியில் மீண்டும் மீண்டும் பேசப்படும் இயக்கங்களுள் ஒன்றான பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882 முதல் சென்னை அடையாற்றில் இருந்து வருகிறது. அச்சபையார் பரப்பிய இலெமூரியாக் கொள்கையோ, குமரிக்கண்டம் என்னும் பெயரோடு தமிழர்தம் வரலாற்று நினைவில் கலந்துவிட்டது.

கேமரன் மலையின் திரிங்காப்பிலும் அதனை அடுத்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தமிழியலைப் பாடமாக எடுத்துப் படிக்கின்றனர். அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் சிலரிடையே இரண்டு ஐயங்கள் நிலவுவதை அறிந்தோம். தோட்டத்துக் கோயில்களில் காணப்படும் சுவத்திகக் குறியைக் கண்டு வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள் திகைக்கும்போது அவர்களுக்கு என்ன விடை கூறுவது என்பது ஒன்று. இலெமூரியாவைப் பற்றி எழுதிய பிளாவட்ஸ்கி அம்மையார் ஹிட்லருக்கு முன்னோடி என்று சில நூல்கள் சொல்கின்றனவே, அவ்வாறாயின் இலெமூரியாவை ஆய்வுக் கட்டுரையில் எடுத்தாளலாமா என்பது மற்றொன்று. முதல் ஐயத்திற்கு விடை எளிது. சுவத்திகம் நாசிக் கட்சி தோன்றுவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மங்கலக் குறி. இரண்டாவது ஐயம் அத்துணை எளிதன்று. அதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

சொற்களின் எல்லை

மறைஞானக் குழு என்று நாம் ஈண்டுக் குறிப்பது, எல்லார்க்கும் எட்டாத ஓர் உண்மை உண்டு, அது தகுதி பெற்ற சிலர்க்கு மட்டும் படிப்படியாக வழங்கப்படும் என்று கூறி, அதனைச் சுற்றி அமைப்பாகத் திரண்ட கூட்டத்தையே ஆகும். இவ்வரையறையில் இரு கூறுகள் இன்றியமையாதன: மறைபொருள் என்னும் உரிமைக் கூற்று, அதனைக் காக்கும் படிநிலை அமைப்பு.

பாசிசம் என்னும் சொல் இன்று வசைச் சொல்லாகவே பெரிதும் வழங்குகிறது. பிடிக்காத தலைமையாசிரியர்கூடப் பாசிசவாதி ஆகிவிடுகிறார். ஆய்வுக்கு இது உதவாது. 1919-இல் முசோலினி மிலான் நகரில் தொடங்கி, 1922-இல் ஆட்சியைக் கைப்பற்றிய இயக்கமும், செருமனியின் நாசி இயக்கமும், அவற்றைப் பின்பற்றியோரும் கொண்டிருந்த பொதுப் பண்புகளையே நாம் இச்சொல்லால் குறிக்கிறோம். வீழ்ந்துபட்ட இனம் மீண்டும் எழ வேண்டும் என்னும் வேட்கை, ஒரே தலைவனுக்கு முழுப்பணிவு, நாடாளுமன்றத்தையும் தொழிற்சங்கத்தையும் ஒழித்தல், பகையெனக் கருதப்பட்டோர்மீது வன்முறையைக் கடமையாகக் கொள்ளல் ஆகியன அவை. பழைமைப்பற்று மட்டுமே பாசிசம் ஆகாது; அடிமைத்தனத்தை எதிர்த்த நாட்டுப்பற்றும் ஆகாது.

இவ்வெல்லைக்குள் நின்று பார்த்தால் தோட்டப்புறச் சமய வாழ்வில் காணப்படும் குறி சொல்லுதல், சாமியாடுதல், செய்வினை எடுத்தல், முனீசுவரருக்கும் மதுரை வீரனுக்கும் படையலிடுதல் முதலியன நம் வினாவிற்கு வெளியே நிற்பதை உணரலாம். கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கப்பட்டது. அக்காலந்தொட்டு அங்குக் குடியேறிய தொழிலாளர், தம் ஊர்க்காவல் தெய்வங்களையும் உடன் கொண்டுவந்தனர். சாமியாடியின் வாக்கு நோய்க்கும், காணாமற்போன நகைக்கும், பெண்ணின் திருமணத்திற்கும் விடை தேடுவது. அதில் உலக வரலாறு பற்றிய கொள்கையில்லை, இனப்படிநிலை இல்லை, கேட்க வருவோர் எவராயினும் கேட்கலாம். அச்சமும் ஏமாற்றும் ஆங்காங்கே உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவை அரசியற் சார்பு ஆகா.

அண்டையில் ஒரு நிகழ்வு

மறைபொருளாற்றல் பேசிய குழுவொன்று அரசியல் வன்முறையில் இறங்கியதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. 2000-ஆம் ஆண்டு சூலை 2-ஆம் நாள், அல்-மாவுனா என்னும் குழுவினர் படை அதிகாரிகளைப்போல உடையணிந்து, பேராக் மாநிலத்துக் கிரிக் பகுதியிலிருந்த படைமுகாம்களில் திடீர்ச் சோதனைக்கு வந்தவர்களாக நடித்து, நூறளவிலான துப்பாக்கிகளைக் கவர்ந்தனர். பின்னர்ச் சாவுக் அருகிலுள்ள காட்டுக்குன்றில் பாசறை அமைத்தனர். பிணையாளர் நால்வருள் இருவர் கொல்லப்பட்டனர். அவருள் ஒருவர் தமிழரான துப்பறியும் காவலர். மற்றவர் சரவாக்கைச் சேர்ந்த படைவீரர். சில நாள்களில் குழுவினர் சரணடைந்தனர். மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றத்திற்காகக் குழுத்தலைவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை 2006-இல் நிறைவேற்றப்பட்டது.

இக்குழு 'இல்மு டாலாம்' எனப்படும் உள்ளாற்றற் பயிற்சி வழங்குவதாகக் கூறி உறுப்பினரைச் சேர்த்தது. ஆயுதம் தம்மைத் தீண்டாது என்னும் நம்பிக்கை அப்பயிற்சியின் ஒரு பகுதி. அரசைக் கவிழ்ப்பதே அதன் தலைமை கொண்ட நோக்கம். எனினும் அதனைப் பாசிசம் என்பது பொருந்தாது. அவர்கள் முன்வைத்தது சமயப்போர், இன மறுமலர்ச்சியன்று. மறைஞானக் குழு வன்முறைக்குச் செல்லும் வழிகள் பல. அவற்றுள் பாசிசம் ஒன்று மட்டுமே என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

வியன்னாவும் மியூனிக்கும்

நம் வினா பிறந்த இடம் ஐரோப்பா. ஆத்திரியாவின் வியன்னா நகரில் கீடோ பொன் லிஸ்ட் (1848-1919) என்பவர் பண்டைச் செருமானியரின் மறைஞானத்தைத் தாம் அகக்கண்ணால் கண்டதாக எழுதினார். துறவு மடத்தை விட்டு 1899-இல் வெளியேறிய லான்ஸ் பொன் லீபன்பெல்ஸ், 1905-இல் 'ஓஸ்டாரா' என்னும் இதழைத் தொடங்கி, ஆரியர் தெய்வப்பிறவிகள், ஏனையோர் விலங்குக் கலப்பினர் என்று பரப்பினார். இவர்கள் பெயருக்கு இடையே நிற்கும் 'பொன்' என்னும் மேட்டிமை அடை இருவரும் தாமே சூட்டிக்கொண்டது. இனத்தூய்மை பேசியோர் தம் குலத்தையே புனைந்துகொண்டனர். இவர்கள் மரபு ஆரியமறைஞானம் எனப்படுகிறது. மூல இனங்கள், மறைந்த கண்டங்கள், யுகச்சுழற்சி ஆகிய கருத்துகளை இவர்கள் பிரம்மஞான நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டனர்.

1918-இல் மியூனிக் நகரில் செபோட்டென்டார்ப் என்பவர் அமைத்த தூலே கழகம் இம்மரபின் வழிவந்தது. அக்கழகத்தாரின் தூண்டுதலோடு 1919 சனவரியில் தோன்றிய செருமன் தொழிலாளர் கட்சியே பின்னர் நாசிக் கட்சியாயிற்று. கட்சியின் நாளேடும் அக்கழகத்தார் நடத்திய ஏட்டின் வளர்ச்சியே. இவை மறுக்கவொண்ணாத தொடர்புகள். ஆயினும் ஹிட்லர் தூலே கழக உறுப்பினராக இருந்ததற்குச் சான்றில்லை. அவர் இளமையில் ஓஸ்டாராவைப் படித்தார் என்பது லான்ஸ் தம் முதுமையில் சொன்னதை அடிப்படையாகக் கொண்டது. தம்மால்தான் ஹிட்லர் உருவானார் என்னும் பொருள்பட 1933-இல் செபோட்டென்டார்ப் எழுதிய நூலை நாசி அரசே தடை செய்தது.

அரசு அமைந்த பின் நடந்தவை இன்னும் தெளிவானவை. 1925-இல் இத்தாலியில் மறைமுகச் சங்கங்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றப்பட்டது. செருமனியில் 1935-இல் இருடால்ப் சுடைனரின் மானிடஞான சபையும், 1937-இல் பிரம்மஞான சபையும் கலைக்கப்பட்டன. 1941 மே மாதத்தில் கட்சியின் துணைத்தலைவர் உருடால்ப் ஹெஸ் தனியே விமானமேறிச் சுகாட்லாந்து சென்றபின், சோதிடரும் மறைஞானியரும் நூற்றுக்கணக்கில் கைது செய்யப்பட்டனர். 1938-இல் நியூரம்பர்க் மாநாட்டில், தம் இயக்கம் வழிபாட்டுக் குழுவன்று என்றும், மறைஞான நாட்டமுடையோருக்கு அதில் இடமில்லை என்றும் ஹிட்லர் பேசினார். அதே வேளையில் ஹிம்லர் தம் படைப்பிரிவில் வில்லிகூட் என்னும் மறைஞானியைப் பணியில் வைத்திருந்தார். மறைபொருளுக்கு வேறு உரிமையாளர் இருத்தலாகாது என்பதே சர்வாதிகார அரசின் நிலைப்பாடு.

இத்துறையில் முன்னோடியான நிக்கோலஸ் குட்ரிக்-கிளார்க், 1985-இல் வெளிவந்த தம் நூலில், ஆரியமறைஞானத்தை நாசியத்தின் காரணமாகக் கொள்வதைவிட அதே நோயின் அறிகுறியாகக் கொள்வதே பொருத்தம் என்னும் முடிவுக்கு வந்தார். 2017-இல் எரிக் கர்லாண்டர் எழுதிய நூல் இத்தொடர்புக்கு இன்னும் கூடுதல் அழுத்தம் தருகிறது. நாம் முன்னவர் பக்கமே நிற்கிறோம். ஏனெனில் வியன்னாவினர் கடன் வாங்கிய அதே நூல்களைச் சென்னையில் படித்தோர் வேறு வழியில் சென்றனர்.

அடையாற்றின் இருமுகம்

பிரம்மஞான சபை 1875-இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி, ஆல்காட் முதலியோரால் தொடங்கப்பட்டது. இனம், சமயம், பால், சாதி, நிறம் ஆகிய வேறுபாடின்றி உலக உடன்பிறப்புணர்வை வளர்த்தல் என்பது அதன் முதல் நோக்கம். 1888-இல் பிளாவட்ஸ்கி வெளியிட்ட 'மறைபொருட் கோட்பாடு' என்னும் நூலோ, மாந்தர் ஏழு மூல இனங்களாகப் படிப்படியே தோன்றுவர் என்றும், மூன்றாமவர் இலெமூரியர், நான்காமவர் அத்திலாந்தியர், ஐந்தாமவர் ஆரியர் என்றும் கூறிற்று. இன்று எஞ்சியுள்ள தொல்குடிகள் சிலரைத் தேய்ந்துபோன பழைய இனத்தின் மிச்சம் என்றும் அந்நூல் கருதியது. உடன்பிறப்புணர்வும் இனப்படிக்கட்டும் ஒரே சபையில் அடுத்தடுத்து வைக்கப்பட்டன. படிக்கட்டை மட்டும் எடுத்துச் சென்றோர் வியன்னாவினர்.

சென்னையில் எடுத்துக்கொள்ளப்பட்டவை வேறு. வள்ளலாரின் மாணாக்கரும் சென்னை மாநிலக் கல்லூரித் தமிழ்ப் புலவருமான தொழுவூர் வேலாயுத முதலியார், தம் ஆசிரியர் இத்தகைய சபையின் வருகையை முன்னரே உரைத்தார் என்று 1882-இல் வாக்குமூலம் அளித்தார். அதனைச் சபையார் தம் இதழில் வெளியிட்டனர். அவ்வுரை எந்த அளவு ஏற்கத்தக்கது என்பது தனியே ஆராயத்தக்கது. மரணமிலாப் பெருவாழ்வும் சித்தும் பேசிய வள்ளலார், 1867-இல் வடலூரில் சாதி பாராது உணவளிக்கும் தருமசாலையை நிறுவியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மறைபொருள் பேசுதல் தன்னளவில் மேட்டிமைக்கு இட்டுச் செல்லும் என்று கொள்வோர்க்கு வள்ளலாரே மறுப்பு.

ஆல்காட் 1894-இல் அடையாற்றில் பஞ்சமர் எனப்பட்டோரின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் அவரை நாடி, அவர் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். அன்னி பெசன்ட் 1907 முதல் 1933 வரை சபைத் தலைவராக இருந்தார். 1916-இல் தன்னாட்சி இயக்கம் கண்டார். 1917-இல் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டார். அவ்வாண்டே காங்கிரசுத் தலைவரானார். அவரோடு காவலில் இருந்த பி. பி. வாடியா, 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப் போற்றப்படும் அதில் திரு.வி.க. முன்னின்று உழைத்தார். தொழிற்சங்கங்களை நொறுக்குவது முசோலினியின் முதற்பணிகளுள் ஒன்று என்பதை எண்ணினால் இவ்வேறுபாட்டின் ஆழம் விளங்கும்.

இதனால் அடையாற்றை முற்றும் வெண்மையாகத் தீட்டிவிட இயலாது. 1909-இல் எழுதிய கட்டுரையொன்றில், தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளை உடனடியாகப் பிற பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் அமர்த்தலாகாது என்று பெசன்ட் வாதிட்டார். தூய்மை, ஒழுக்கம், பரம்பரை என்பன அவர் காட்டிய காரணங்கள். இதனை அம்பேத்கர் 1945-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார். தன்னாட்சி வந்தால் பார்ப்பனராட்சியே வரும் என்று நீதிக்கட்சியினர் அஞ்சியதற்கும் அடித்தளம் இல்லாமல் இல்லை. முற்பிறவி வினையால் மாந்தர் வெவ்வேறு படியில் பிறக்கின்றனர் என்னும் கொள்கை, சாதியைத் தத்துவமாக்கித் தர வல்லது. ஆயினும் அப்பெசன்டே தேர்தலையும் சட்டசபையையும் கேட்டுப் போராடினார். பிறப்புப்படி நம்பிக்கையும் மக்களாட்சி வேட்கையும் ஒருவரிடமே குடிகொள்ளக்கூடும். ஆய்வாளர்க்கு இது தொல்லை தருவது. உண்மை அவ்வாறே உள்ளது.

பாசிசத்திற்கு மிக அண்மையில் அடையாறு சென்றது கொள்கையால் அன்று, தலைவன் வழிபாட்டால். 1909-இல் அடையாற்றுக் கடற்கரையில் கண்டெடுக்கப்பட்ட சிறுவன் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தியை வரவிருக்கும் உலகாசான் என அறிவித்து, 1911-இல் அவருக்கென விண்மீன் சங்கம் அமைத்தனர். இத்தாலியில் தலைவன் எப்பொழுதும் சரியே என்னும் முழக்கம் எழுந்த அதே காலத்தில், பல நாட்டு உறுப்பினர் ஒரு மனிதரின் சொல்லுக்காகக் காத்திருந்தனர். 1929 ஆகத்து 3-ஆம் நாள், நெதர்லாந்தின் ஓமன் முகாமில், கிருஷ்ணமூர்த்தி தாமே அச்சங்கத்தைக் கலைத்தார். தமக்குச் சீடர் வேண்டா என்றார். அமைப்பு காத்துக்கொள்ளாத ஒன்றைத் தனிமனிதர் காத்தார். அவர் வேறு வகையினராக இருந்திருப்பின் இக்கட்டுரையின் போக்கும் வேறாக இருந்திருக்கும்.

1939-இல் அடையாற்றுக்கு ஓர் அரிய விருந்தினர் வந்தார். குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1924 முதல் பத்தாண்டுகள் முசோலினி அரசின் ஆதரவைப் பெற்றிருந்தவர். 1934-இல் முரண்பட்டு விலகியவர். இத்தாலியிலும் செருமனியிலும் அவர்தம் பள்ளிகள் மூடப்பட்டபின், அப்போதைய சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று வந்து, போர் முடியும்வரை இந்தியாவில் தங்கினார். கோடைக்கானலிலும் சில ஆண்டுகள் பணியாற்றினார். பாசிசம் வெளியேற்றியவருக்கு அடையாறு பயிற்சிக்களம் தந்தது.

இதே சபையின் வேரிலிருந்து இலங்கையில் கசப்பான கிளையொன்றும் தோன்றியது. 1880-இல் காலி நகரில் பௌத்தம் தழுவிய ஆல்காட், பிளாவட்ஸ்கி ஆகியோரின் செல்வாக்கில் வளர்ந்த அநகாரிக தர்மபாலர் (1864-1933), இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சபையிலிருந்து விலகி, சிங்களவரை ஆரியர் எனப் போற்றி, பிறரை அயலவராகக் காட்டும் பரப்புரையில் இறங்கினார். அதனைப் பாசிசம் என்று முத்திரையிடுவதைவிட இனமேன்மைவாதம் எனல் தகும். அதன் விளைவுகளை இலங்கைத் தமிழரும் முசுலிம்களும் நன்கறிவர்.

கல்கத்தாவும் புதுச்சேரியும்

இந்திய மண்ணில் மறைஞானமும் நாசியமும் ஐயத்திற்கிடமின்றி ஒன்றுகூடிய சான்று சாவித்திரி தேவியே. பிரான்சின் லியோன் நகரில் 1905-இல் பிறந்த மாக்சிமியானி போர்ட்டாஸ் என்பவர், சாதியமைப்பு ஆரியக்குருதியைக் காத்துவைத்துள்ளது என்னும் நம்பிக்கையோடு 1932-இல் இந்தியா வந்தார். இலங்கை வழியாக அவர் முதலில் கண்ட தலங்களுள் இராமேசுவரமும் ஒன்று. கல்கத்தாவில் இந்து மிசன் அமைப்பில் பணியாற்றி, 1939-இல் இந்துக்களுக்கு எச்சரிக்கையாக ஒரு நூல் வெளியிட்டார். 1940-இல், நாசி ஆதரவு இதழ் நடத்திய அசித் கிருஷ்ண முகர்சியை மணந்தார். போருக்குப் பின் செருமனியில் நாசித் துண்டறிக்கை பரப்பிச் சிறை சென்றார். 1958-இல் வெளிவந்த 'மின்னலும் ஞாயிறும்' என்னும் நூலில் ஹிட்லரைக் கல்கிக்கு முன்னோடியான அவதாரமாகக் காட்டினார். 1953 முதல் 1962 வரை இந்தியாவில் சிலி நாட்டுத் தூதராக இருந்த மிகேல் செரானோ, பின்னாளில் இதே கருத்தை விரித்தெழுதினார். இன்று மேலைநாடுகளில் புதுநாசியர் படிப்பது இவர்களின் நூல்களையே. இந்து சமயத்தார் இதில் செய்யத்தக்கது, அவதாரக் கொள்கை இங்ஙனம் களவாடப்பட்டது என்பதை அறிந்திருத்தலாகும்.

ஆயினும் இந்தியரின் பாசிச ஈர்ப்பு முழுவதும் இவ்வழியே வந்ததாகக் கருதலாகாது. இந்து மகாசபையின் மூஞ்சே 1931 மார்ச்சில் உரோமில் முசோலினியைக் கண்டு, இளைஞர் படைப்பயிற்சி முறையை வியந்து திரும்பினார். அவரை ஈர்த்தது மறைபொருளன்று; அணிவகுப்பு. மற்றொரு திசையில், 1943-இல் நேதாசி சிங்கப்பூர் வந்தபின் மலாயாத் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் இந்தியத் தேசியப் படையில் சேர்ந்தனர். தோட்டத்துப் பெண்கள் சான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். அப்படை அச்சு நாடுகளின் துணையோடு நின்றது உண்மை. அதனால் அப்பால்வெட்டுத் தொழிலாளரைப் பாசிசவாதிகள் என்பார் எவருமிலர். கூட்டணி வேறு, கொள்கைச் சார்பு வேறு. மறைஞானக் குழுக்களை எடைபோடும்போதும் இவ்வேறுபாட்டைக் கைவிடலாகாது.

புதுச்சேரியைப் பாருங்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை மிரா அல்பாசா, அல்சீரியாவில் மாக்ஸ் தியோன் என்பவரிடம் முறையாக மறைஞானம் பயின்றவர். அத்தியோன் போலந்து யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அரவிந்தரோ ஒருகாலத்தில் ஆங்கிலேயரை எதிர்த்துச் சிறை சென்றவர். 1940-இல் ஐரோப்பா வீழ்ந்துகொண்டிருந்தபோது, ஆங்கிலேயர் தோற்பதை விரும்பியோர் ஆசிரமத்திலும் இருந்தனர். அரவிந்தரும் அன்னையும் நேச நாடுகளின் போர்நிதிக்கு வெளிப்படையாகக் கொடையளித்தனர். ஹிட்லரை அசுர சக்தியின் கருவி என்று அரவிந்தர் கருதினார். சாவித்திரி தேவி அவதாரம் கண்ட இடத்தில் இவர் அசுரனைக் கண்டார். இருவரும் எடுத்தாண்டது ஒரே புராணச் சொல்வளம்.

இச்சான்றுகளை ஒருசேர நோக்கும்போது நமக்குப் புலனாவது இது. மறைஞானம் தன்னளவில் பாசிசத்தின் நாற்றங்கால் அன்று. மாந்தரைப் பிறப்பால் படிவரிசைப்படுத்தும் கொள்கையும், எவராலும் சரிபார்க்க இயலாத அறிவு தமக்குண்டு என்னும் உரிமைக் கூற்றும் ஒருங்கே சேரும்போதுதான் இடர் தொடங்குகிறது. வியன்னாவில் இரண்டும் இருந்தன. வடலூரில் முதலாவது இல்லை. ஓமனில் இரண்டாவது துறக்கப்பட்டது.

இலெமூரியா

இனி, தமிழியல் மாணவர்க்கு நேரே உரியதாகிய இலெமூரியாவிற்கு வருவோம். இச்சொல்லை 1864-இல் உருவாக்கியவர் பிலிப் சுகிளேட்டர் என்னும் விலங்கியலறிஞர். மடகாசுகரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட விலங்கின ஒற்றுமையை விளக்க அவர் ஒரு நிலத்தொடர்பைக் கருதிக்கொண்டார். இலெமூர் என்னும் விலங்கின் பெயரால் அதனை அழைத்தார். செருமானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதனை மாந்தர் தோன்றிய இடமாக ஊகித்தார். இனங்களைப் படிவரிசைப்படுத்துவதில் ஹெக்கல் எந்த மறைஞானிக்கும் குறைந்தவரல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அக்காலத்து அறிவியலே அந்நோயைக் கொண்டிருந்தது. பிளாவட்ஸ்கி 1888-இல் இதனை மறைஞான வரலாற்றில் சேர்த்தார். 1904-இல் சுகாட்-எலியட் என்னும் சபையினர், பேருருவும் மூன்றாம் கண்ணும் கொண்ட இலெமூரியரைக் கண்முன் கண்டவர்போல வருணித்து நூல் எழுதினார்.

தமிழரிடையே கடல்கோள் நினைவு இதற்கு மிக முற்பட்டது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார், பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடைப்பட்ட எழுநூற்றுக் காவத நிலத்தையும் அதன் நாற்பத்தொன்பது நாடுகளையும் குறிப்பிடுகிறார். குமரிகண்டம் என்னும் பெயர் கந்தபுராணத்தில் பரதகண்டப் பிரிவுகளுள் ஒன்றாக வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வுள்நாட்டு நினைவோடு இலெமூரியா இணைக்கப்பட்டது. வி. கோ. சூரியநாராயண சாத்திரியார் 1903-இல் எழுதிய மொழிவரலாற்றில் இக்கருத்துக்கு இடமளித்தார். கா. அப்பாத்துரையாரின் நூலில் விலங்கியல், நிலவியற் கருத்துகளோடு மறைஞானியர் கூற்றுகளும் சான்றாகக் கொள்ளப்பட்டுள்ளன. தேவநேயப் பாவாணர் 1966-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் தமிழின் பிறப்பிடமே அதுவென்றார். 1981-இல் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் குமரிக்கண்டம் பற்றிய அரசு ஆவணப்படம் காட்டப்பட்டது. இவ்வரலாற்றைச் சுமதி இராமசாமி 2004-இல் வெளிவந்த நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இதில் நாம் கவனிக்கத்தக்க முரண் ஒன்றுண்டு. பிளாவட்ஸ்கியின் படிக்கட்டில் இலெமூரியர் ஆரியருக்கு இருபடி கீழே நிற்பவர். தம் தொன்மைக்குப் பெருமையெனத் தமிழர் எடுத்துக்கொண்ட பெயர், அவர்களைக் கீழ்ப்படியில் வைக்க வாய்ப்பளித்த ஒரு நூல்வழி வந்தது. தமிழறிஞர் அப்படிக்கட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இழந்த தாயகம் என்னும் உணர்வை மட்டும் வைத்துக்கொண்டனர். ஆதலின் குமரிக்கண்டப் பற்றைப் பாசிசத்தோடு இணைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. அதனால் அது வரலாற்றுண்மை ஆகிவிடாது என்பதும் உடன் சொல்லத்தக்கது. 1912-இல் வெகனர் முன்வைத்த கண்டப்பெயர்ச்சிக் கருத்தும் 1960-களில் நிலைபெற்ற தட்டுப்புவியியலும் இலெமூரியாவைத் தேவையற்றதாக்கின. 2013-இல் மொரீசியசு மணலிலிருந்த சிர்க்கான் துகள்களைக் கொண்டு மொரீசியா என்னும் சிறுகண்டம் புதைந்துள்ளதாக அறிஞர் அறிவித்தபோது, இலெமூரியா கிடைத்துவிட்டதாகப் பலர் மகிழ்ந்தனர். அந்நிலத்துண்டு பிரிந்து மூழ்கியது பலகோடி ஆண்டுகளுக்கு முன்பு. நம் மாந்தவினத்தின் அகவையோ ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகள்.

இலெமூரியாவை ஆய்வுக் கட்டுரையில் எடுத்தாளலாமா என்னும் ஐயத்திற்கு, எடுத்தாளலாம், ஆனால் எதற்குச் சான்றாக என்பதைத் தெரிந்து எடுத்தாள வேண்டும் என்பதே நம் விடை. 1903-க்குப் பிந்திய தமிழர் தம் தொன்மையை எவ்வாறு எண்ணினர் என்பதற்கு அது முதல்தரச் சான்று. பஃறுளியாறு பாய்ந்த நிலம் எது என்பதற்கு அது சான்றன்று. அடியார்க்குநல்லார் உரையையும், கலித்தொகையிலும் சிலப்பதிகாரத்திலும் உள்ள கடல்கோட் குறிப்புகளையும் அவற்றிற்குரிய இடத்தில் வைத்துப் படிக்கலாம். தென்கடற்கரையில் கடல்மட்ட உயர்வு பற்றிய நிலவியல் முடிவுகளோடு ஒப்பிடலாம். இப்பணிக்குப் பிளாவட்ஸ்கியின் மூல இனங்களோ சுகாட்-எலியட்டின் மூன்றாம் கண்ணோ தேவைப்படுவதில்லை. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய தனிநாயக அடிகள், பல்துறை அறிஞரையும் ஒரே அரங்கில் அமர்த்தியது, தமிழாய்வின் ஒவ்வொரு கூற்றும் பிறரால் சரிபார்க்கப்பட வேண்டும் என்பதற்காகவே.